மின்விசிறி இல்லாத வீட்டில் கணினி இசை

சென்ற ஐப்பசியில், கொடைக்கானலில் மழை சற்று ஓய்ந்திருந்த ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாதஸ்வரம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பெங்களூரில் இருக்கும் மகன் தன்னுடைய பழைய மடிக்கணினியில் அப்பாவின் குறுந்தகடுகளை எல்லாம் ஏற்றி, ஒரு ஹெட்ஃபோனையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

"தம்பி, வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் ஒரு கிர்ர் சத்தம் வருகிறது. பழைய டேப்பில் உஸ்ஸென்று ஒரு சத்தம் இருக்கும், அது பழகிப்போனது. இது வேறு மாதிரி இருக்கிறது" என்றார்.

"கொடுங்கள் ஐயா, பார்க்கிறேன்" என்று வாங்கிக் காதில் மாட்டினேன். நாதஸ்வரத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்து நீளமாக நின்று ஒலித்தது. அதற்கு அடியில், மௌஸை நகர்த்தும்போதெல்லாம் சன்னமாகக் கிர்ர். மௌஸை நிறுத்தினால் அதுவும் நின்றது. அப்போதும் 'ம்ம்' என்று ஒரு முனகல் மிச்சமிருந்தது. சார்ஜரின் கம்பியைப் பிடுங்கினேன். முனகலும் போய்விட்டது. பெரியவர் காது அவ்வளவு கூர்மை.

இந்தக் குறையைச் சமவெளியில் யாரும் எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ தலைக்கு மேல் மின்விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் இதுபோன்ற சின்னச் சத்தங்கள் மூழ்கிவிடும். கொடைக்கானலில் பெரும்பாலான வீடுகளில் மின்விசிறி கிடையாது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் ஒன்றைத் தவிர, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு அடங்கிவிடுகிறது. நல்ல இசை கேட்பதற்குப் பணம் கொடுத்தாலும் கிடைக்காத முதல் பொருள் அந்த அமைதிதான். நாம் செய்ய வேண்டியது, அதைக் கெடுக்காத ஒரு கணினி ஏற்பாடு. அதை எப்படித் தொடங்குவது என்று இந்த நாயுடுபுரம் தெருவில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் கணினிக்குள் ஒலி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒலி என்பது காற்றின் அலை. கணினி அந்த அலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டில் இது நொடிக்கு 44,100 முறை. 'அப்படியானால் இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருந்த ஒலி தொலைந்துபோய்விடாதா, படிக்கட்டு போலத் துண்டு துண்டாகக் கேட்காதா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாசலில் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். புள்ளிகள் வெகு தூரத்தில் இருந்தால் ஒரே புள்ளி வரிசையில் பத்து விதமான கோலங்களை இழுக்கலாம். புள்ளிகள் போதிய நெருக்கத்தில் இருந்துவிட்டால் அவற்றின் வழியாக ஒரே ஒரு வளைகோடுதான் போக முடியும். அந்தக் கோடுதான் முதலில் இருந்த அலை. நடுவில் எதுவும் தொலைவதில்லை. எவ்வளவு நெருக்கம் போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: பிடிக்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல். மனிதக் காதின் உச்சி 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகள், அதுவும் இளம் வயதில். வயது ஏற ஏற அந்த உச்சி இறங்கிக்கொண்டே வரும். 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடிபட்டுவிடுகிறது. நமக்கு அது போதும்.

இன்னோர் எண்ணும் உண்டு, அதுதான் பிட். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதை அது சொல்லும். 16 பிட் என்றால் 65,536 படிகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) இடைவெளி கிடைக்கும். ஓசையடங்கிய ஓர் அறையில் தொடங்கி, காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு உரத்த தவில் வரை அதற்குள் அடங்கிவிடும். 24 பிட் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்குத் தேவைப்படுகிற கூடுதல் இடம். கேட்பவருக்கு 16 பிட், 44,100 என்ற குறுந்தகட்டுத் தரமே நிறைவானது என்பது என் உறுதியான கருத்து.

இந்த எண்களை நினைத்து ஏங்குபவர்களுக்கு நான் கோடை பண்பலையை நினைவூட்டுவேன். இந்த மலையின் மேலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்த ஒலிபரப்பைத் தென்மாவட்டங்களில் எத்தனை வீடுகள் ஆசையாகக் கேட்டிருக்கின்றன! பண்பலை முறையில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அனுப்பப்படுவதே இல்லை. இரவுப் பாட்டைக் கேட்டு உருகியவர்கள் யாரும் அதற்கு மேல் இருந்தது கிடைக்கவில்லை என்று குறைப்பட்டதில்லை. நல்ல பதிவும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் எண்கள் பின்னால் போய்விடுகின்றன.

இப்போது கோப்புகள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர இசை ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் பிடிக்கும். இதைச் சுருக்க இரண்டு வழிகள். எம்பி3 போன்றவை, காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்குகின்றன. கழித்தது திரும்ப வராது. ஃபிளாக் என்பது வேறு வகை. 2001-இல் ஜோஷ் கோல்சன் என்பவர் வெளியிட்டது, இலவசமானது. கம்பளியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல ஒலியைச் சுருக்கி வைக்கும். விரித்தால் ஓர் இழை குறையாது. இடம் மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும். 500 கிகாபைட் வன்தட்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஃபிளாக் இசையை வைக்கலாம். அவ்வளவு இடம் மலிவாகக் கிடைக்கும்போது, சொந்தக் குறுந்தகடுகளை எம்பி3-ஆக மாற்றுவதற்குக் காரணமே இல்லை. ஃபிளாக்காக மாற்றி இரண்டு வன்தட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் குறுந்தகடுகளின் மேல் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் ஏற்கெனவே வைத்திருக்கும் 320 கிலோபிட் எம்பி3-களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு நொடி இசைக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லும், எண் இறங்க இறங்கக் கழிப்பது கூடும். ஒரே பதிவின் ஃபிளாக்கையும் 320 எம்பி3-ஐயும் ஒரே ஒலியளவில், எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. நானும் முயன்று பார்த்திருக்கிறேன். நாதஸ்வரத்தில் எனக்குப் பிடிபடவில்லை. ஜாலராவின் நுனியில் மட்டும், அதுவும் 128 கிலோபிட்டுக்கு இறங்கியபோது, மணல் உரசுவது போன்ற ஒரு தேய்வு தெரிந்தது. ஒலியளவைச் சமமாக வைப்பது இந்தச் சோதனையில் மிக முக்கியம். சற்றே உரக்கக் கேட்பது எதுவும் 'தெளிவாக' இருப்பதாகக் காது நம்பிவிடும். கடைகளில் விலை உயர்ந்த கருவி வெற்றி பெறுவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

ஒரு முறை நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்', அதாவது நொடிக்கு 1,92,000 முறை அளந்தது என்று விளம்பரப்படுத்திய ஒரு பழைய வீணைக் கச்சேரியை இணையத்தில் காசு கொடுத்து வாங்கினேன். கேட்டபோது ஏதோ மந்தமாக இருந்தது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தேன். அது ஒலியைப் படமாக வரைந்து காட்டும். கீழே தாழ்ந்த ஒலிகள், மேலே உயர்ந்த ஒலிகள். படத்தில் 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்தது போல ஒரு நேர்கோடு. அதற்கு மேல் வெறும் கறுப்பு. குறைந்த தர எம்பி3-இன் அடையாளம் அது. யாரோ ஓர் எம்பி3-ஐ எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் முதலில் படமாகப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

பெரியவரின் கிர்ர் சத்தத்துக்கு வருவோம். கோப்பில் இருக்கும் எண்களை மறுபடி மின்னலையாக மாற்றும் சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர். எல்லாக் கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. சில்லு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அது குடியிருக்கும் இடம்தான் சரியில்லை. செயலி, வன்தட்டு, திரை என்று மின்சாரம் துள்ளிக்கொண்டே இருக்கிற நெருக்கடியில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துள்ளல் ஹெட்ஃபோன் துளை வரை கசிகிறது. மௌஸ் அசையும்போது கேட்பது அந்தக் கசிவு. டி.ஏ.சி.யை வெளியே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். யூ.எஸ்.பி. துளையில் செருகி, மறுமுனையில் ஹெட்ஃபோனை மாட்டும் கட்டைவிரல் அளவுக் கருவிகள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவை, மனிதக் காது வேறுபாடு காண முடியாத அளவுக்குச் சுத்தமாக வேலை செய்கின்றன. உங்கள் கணினியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றால் அதுகூட வேண்டாம். இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து டி.ஏ.சி. வாங்கிவிட்டு, நூறு ரூபாய் இயர்ஃபோனில் கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது.

ஏனென்றால் மின்னலை காற்றலையாக மாறும் கடைசி இடத்தில்தான் இசை பெரிதும் கெடுகிறது, பெரிதும் தேறுகிறது. பணத்தில் பெரும்பங்கை ஹெட்ஃபோனுக்கோ ஸ்பீக்கருக்கோ ஒதுக்குங்கள். தொடங்குபவருக்கு ஹெட்ஃபோன் எளிது. குறைந்த செலவில் நிறைந்த நுணுக்கம் கிடைக்கும், அறையின் குறை அதைத் தொடாது. பின்பக்கம் திறந்த வகை, மூடிய வகை என்று இரண்டு உண்டு. திறந்த வகையில் இசை தலைக்குள் அடைந்து கிடக்காமல் சற்று வெளியே பரவி ஒலிக்கும், ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வரும். அமைதியான நம் வீடுகளுக்குத் திறந்த வகை மிகப் பொருத்தம். தகரக் கூரை வீடாக இருந்தால் மூடியதை வாங்குங்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கூரைக்குக் கீழே வேறு எதுவும் கேட்காது.

வாங்கும்போது பெட்டியில் ஓம் என்று, மின்தடையைக் குறிக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள். 16 முதல் 32 ஓம் வரை உள்ளவற்றைக் கணினியும் கைப்பேசியும் பெரும்பாலும் எளிதாக இயக்கிவிடும். 250, 300 ஓம் உள்ளவற்றுக்கு, மின்னலையை வலுவாக்கித் தரும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படலாம். புளூடூத் வசதியானதுதான். ஆனால் ஒலியைக் காற்றில் அனுப்புவதற்காக மறுபடி ஒரு முறை சுருக்குகிறார்கள், மின்கலம் தேய்ந்தால் கருவியே வீண். உட்கார்ந்து கேட்பதற்குக் கம்பி வைத்ததே நல்லது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடியை வாங்கினால் கணினியிலிருந்து நேராக இணைத்துவிடலாம். முன்னால் பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைவிட, கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு எதனால் ஆனது என்று விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரைப் பஞ்சு விளிம்பு இந்த ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளில் உளுத்துப் பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு தாக்குப்பிடிக்கும். என் வீட்டில் பழைய ஜோடி ஒன்றின் விளிம்பு, தொட்டவுடன் ஊறிய அப்பளம் போலக் கையோடு வந்துவிட்டது.

ஸ்பீக்கர் வாங்கியவுடன் அறையும் கருவியின் ஒரு பாகமாகிவிடுகிறது. வெறும் அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், சுவர்கள் ஒலியை ஒன்றுக்கொன்று பந்தாடுகின்றன என்று பொருள். பழைய கருங்கல் பங்களாக்களிலும், பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த புதிய வீடுகளிலும் இது மிக அதிகம். வில்லால் தடவிய வயலின் கூட அங்கே கீறல் விழுந்தது போல ஒலிக்கும். மருந்து நம் அலமாரியிலேயே இருக்கிறது. மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் மையம் ஒன்று இயங்கும் மலை இது, கம்பளி நமக்குப் புதிதல்ல. கனமான கம்பளி ஒன்றை, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கச் சுவரில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளம், சன்னலுக்குத் தடித்த திரை. மறுபடி கை தட்டிப் பாருங்கள், வால் குட்டையாகியிருக்கும்.

கம்பளிக்கு அடங்காதது தாழ்ந்த ஒலி. பத்துக்குப் பத்து அறை என்று எல்லோரும் கட்டுகிறோமே, அதில் ஒரு தொல்லை இருக்கிறது. நம் குளிரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவில், சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை சரியாகப் பொருந்திக்கொள்ளும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில் ரீங்கரிக்கின்றன. அடிநாதம் மிகுந்த பாடலாக இருந்தால் சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் குடத்துக்குள் தலையை விட்டது போல 'கும்ம்' என்றிருக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அதே ஒலி காணாமலே போய்விடும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்று, மூன்றரை அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். காசு செலவில்லாமல் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் கிடைக்காது. இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கட்டும். உயர்ந்த ஒலி தரும் சின்னக் கூம்பு காது மட்டத்துக்கு வரட்டும். இப்படி வைத்தால் தவில் ஒரு பக்கமும் நாதஸ்வரம் நடுவிலுமாக மேடையே விரியும், பதிவில் அப்படிப் பிடித்திருந்தால்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊரில் எதுவும் முழுமையாகாது. காற்றடித்தால் யூகலிப்டஸ் மரம் கம்பியில் சாயும், மின்சாரம் போகும், திரும்பி வரும்போது குதித்து வரும். இதற்கு ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தி நல்லது. இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள், அது மின்வாரியத்தின் மின்சாரம் போல வழவழப்பாக ஏறி இறங்கும் சைன் அலை தருவதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான வகை தரும் சதுர அலையில் ஆம்ப்ளிஃபயர் வண்டு போல இரையும். இடி இடித்தால் செருகியைப் பிடுங்கிவிடுங்கள், இணையக் கம்பியையும் சேர்த்து. பெரியவர் வீட்டில் சார்ஜரைச் செருகியதும் வந்த முனகல் நில இணைப்பு (எர்த்) கோளாறு. பழைய வீடுகளில் இது சகஜம். சிலர் மூன்று முனைச் செருகியின் நில முனையை ஒடித்துவிட்டு 'முனகல் நின்றுவிட்டது' என்று மகிழ்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்த முனை உயிரைக் காப்பது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டின் நில இணைப்பைச் சரிசெய்வதுதான் முறை. அதுவரை மின்கலத்தில் ஓட்டிக் கேளுங்கள்.

ஈரத்துக்கு நம் வீடுகளில் பழைய வைத்தியம் உண்டு. துணி அலமாரியில் குண்டு பல்பு எரியவிடுகிறோமே, அதுவேதான். ஹெட்ஃபோனையும் சின்னக் கருவிகளையும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தினமும் கேட்பதும் ஒரு பாதுகாப்பு. ஓடுகிற கருவியின் வெதுவெதுப்பில் ஈரம் தங்காது.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். விண்டோஸில் ஃபூபார்2000 இலவசமாகக் கிடைக்கிறது. 2002-இலிருந்து இருக்கிறது, ஃபிளாக்கை நன்றாக வாசிக்கும். ஒலி அமைப்புகளுக்குள் போய் 'மேம்பாடு' என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து, நொடிக்கு இத்தனை அளவுகள் என்ற ஒரே கணக்குக்கு மாற்றி அனுப்பும். அதைத் தவிர்த்து நேராக டி.ஏ.சி.க்கு அனுப்பும் வழியும் அமைப்புகளில் உண்டு. அதன் பயன் சிறியதுதான். கச்சேரிக்கு நடுவில் மின்னஞ்சல் மணி அடிக்காது என்பதற்காகவே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

பெரியவருக்கு முதலில் ஒரு சின்ன டி.ஏ.சி. வாங்கிக் கொடுத்தோம். கிர்ர் நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து நில இணைப்பைச் சரிசெய்ததும் முனகலும் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். "தம்பி, இப்போது இன்னொரு சத்தம் கேட்கிறது. இழுத்து மூச்சு விடுவது போல" என்றார். போய்ப் பார்த்தேன். மடிக்கணினிக்குள் சுற்றும் குட்டி விசிறி. அந்த வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி. யூ.எஸ்.பி. கம்பி ஐந்து மீட்டர் வரை தாங்கும். கணினியைப் பக்கத்து அறையில் வைத்துக் கதவிடுக்கு வழியாகக் கம்பியைக் கொண்டுவந்து, டி.ஏ.சி.யை அவர் நாற்காலியின் கைப்பிடியில் கட்டினோம். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். அது அவருக்குச் சிரமமாக இல்லை. ஒரு நாள் மாலையில் ஒரே ராகத்தைத்தான் கேட்கிறார்.